இராகத்தலைவனிடம் கொடுக்கப்பட்ட பாவ அறிக்கை



பல வருடங்களுக்கு முன், வேறொரு நகரத்துச் சபையில் வாலிபர் கூட்டத்துக்கு நான் பொறுப்பாக இருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை பாட்டுப் பயிற்சி முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். கிற்றார் வாசிக்கும் தம்பி ஒருவன் மட்டும் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றான்.

“அண்ணா, நாளையில இருந்து நான் வாசிக்கேல்ல. வேற ஆரையும் பாருங்கோ.”

“ஏன் தம்பி, படிப்புக் கூடிப்போச்சோ?”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு சொன்னான்: “ராத்திரியில போனில கூடாத படங்கள் பாக்கிறன் அண்ணா. விட ஏலாமக் கிடக்கு. காலமை எழும்பி வந்து முன்னுக்கு நிண்டு பாட மனம் வருகுதில்லை. மூண்டு மாசமாத் திருவிருந்தும் எடுக்கேல்ல. ஒருத்தரும் கவனிக்கேல்ல.”

அவன் கடைசியாகச் சொன்னது என்னைக் குத்தியது. இன்று அவன் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். இன்னொருவருக்கு உதவுமென்றால் எழுதுங்கோ என்று அவனே அனுமதி தந்தபடியால் எழுதுகிறேன்.

இது ஒரு தம்பியின் கதை மட்டுமல்ல. இங்கிலாந்தின் சிறுவர் ஆணையாளர் 2023 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டார். 16 முதல் 21 வயது வரையுள்ளவர்களிடம் கேட்டபோது, ஆபாசப் படத்தை முதன்முதலில் பார்த்த சராசரி வயது 13 என்று தெரியவந்தது. கால்வாசிக்கும் மேலானவர்கள் 11 வயதுக்குள் பார்த்திருந்தார்கள். பலருக்கு அது தேடாமலே கண்ணில் பட்டிருக்கிறது. 2025 ஜூலை 25 முதல் இந்த நாட்டில் இப்படிப்பட்ட தளங்கள் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம். நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே உள்ளே போய்விட்டவர்களுக்கு அந்தச் சட்டம் வழி காட்டாது. இது ஆண்பிள்ளைகளின் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். “எனக்கு மட்டும்தான் இப்படி” என்று நினைத்து, இரட்டிப்பு வெட்கத்தோடு இருக்கிற தங்கைமாரும் உண்டு.

ஏன் இதைப் பாவம் என்கிறோம்? உடல் அசுத்தமானது என்பதால் அல்ல. உடலைப் படைத்தவர் தேவன். ஆண், பெண் என்று படைத்து, அதை மிகவும் நல்லது என்று கண்டவரும் அவரே. தாம்பத்திய அன்பைப் பாடுகிற ஒரு முழுப் புத்தகமே வேதாகமத்தில் இருக்கிறது. மத்தேயு 5:28-இல் இயேசு கண்டிப்பது அழகைக் காண்பதை அல்ல, இன்னொருவரை இச்சைக்கு உரிய பொருளாக்கும் பார்வையை.

திரையில் தெரிகிறவர் தேவசாயலில் படைக்கப்பட்ட ஓர் ஆள். அவருக்கும் ஒரு தாய் இருக்கிறார். அவர் சம்மதித்தாரா, கட்டாயப்படுத்தப்பட்டாரா, அவருக்கு வயது என்ன, பார்க்கிறவருக்குத் தெரியாது. 2020 டிசம்பரில் போர்ன்ஹப் என்ற பெரிய தளம், யார் ஏற்றினார்கள் என்று உறுதிசெய்யப்படாத இலட்சக்கணக்கான காணொளிகளை நீக்க வேண்டிவந்தது. சிறுமிகள் துன்புறுத்தப்படும் காட்சிகளும் அங்கே இருந்ததை ஒரு பத்திரிகை வெளிக்கொண்டுவந்ததும், விசா, மாஸ்டர்கார்ட் நிறுவனங்கள் தங்கள் அட்டைகளால் அங்கு பணம் செலுத்துவதை நிறுத்தியதுமே காரணம். “நான் ஒருவருக்கும் கெடுதல் செய்யவில்லை, சும்மா பார்க்கத்தானே செய்கிறேன்” என்று சொல்லுமுன் இதை யோசிக்க வேண்டும்.

சரி, பாவம் என்று தெரிந்தவன் என்ன செய்கிறான்? ஆதாம் செய்ததைத்தான். ஒளிந்துகொள்கிறான். நமது தமிழ்க் குடும்பங்களில் ஒளிப்பது இன்னும் இலகு. “சனம் என்ன சொல்லும்” என்ற பயம் பாவத்தின் பயத்தைவிடப் பெரிதாக வளர்ந்துவிடுகிறது. வெட்கத்தால் ஒளிந்தவன் தனிமையாகிறான். தனிமை தாங்காமல் மறுபடி அதே திரைக்குப் போகிறான். பார்த்து முடிந்ததும் இன்னும் அதிகம் வெட்கப்படுகிறான். இந்த வட்டத்துக்குள்தான் அந்தத் தம்பி மூன்று மாதம் சுற்றினான்.

அன்று அவனோடு இருந்து 51ஆம் சங்கீதத்தைத் திறந்தேன். முதலாம் வசனத்தைத் தாண்டிப் போகாமல், அதன் தலைப்பைத்தான் வாசிக்கச் சொன்னேன். பத்சேபாளிடம் தாவீது பாவம் செய்தபின் நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் வந்தபோது பாடியது என்று அங்கே பெயரோடு எழுதியிருக்கிறது. அந்தப் பாவமும் மாடியிலிருந்து பார்த்த ஒரு பார்வையில்தான் தொடங்கி, ஒரு கொலையில் போய் முடிந்தது. அதே தலைப்பில் இன்னொன்றும் உண்டு: இந்தச் சங்கீதம் இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டது. அதாவது, ஆராதனையில் சபையார் சேர்ந்து பாடுவதற்காக. ராஜாவின் மிக வெட்கமான விஷயம் பாடகர் குழுவின் கையில்!

“தம்பி, உடைஞ்சவனுக்கு ஆராதனையில இடமில்லை எண்டால், இந்தப் பாட்டு இதுக்குள்ள எப்பிடி வந்தது?” என்று கேட்டேன். அவன் அழத் தொடங்கினான்.

பிரியமானவர்களே, நாம் சுத்தமான பிறகு தருகிற பரிசு அல்ல கிருபை. நாம் பாவிகளாய் இருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5:8 சொல்கிறது. ஆனால் “பரவாயில்லை, விடு” என்று சொல்வதும் கிருபை அல்ல. ஜெர்மானியப் போதகர் போன்ஹோபர் 1937இல் வெளியிட்ட புத்தகத்தில், மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பை மலிவான கிருபை என்று எச்சரித்தார். தீத்து 2:11, 12-ஐ வாசித்துப் பாருங்கள். இரட்சிக்கிற அதே கிருபைதான், இச்சையை வெறுத்து வாழவும் நமக்குக் கற்பிக்கிறது. கற்பது ஒரே நாளில் முடியாது. விழுந்தால் அந்த வாத்தியாரிடமே திரும்பிப் போகவேண்டும்.

அந்தத் தம்பியோடு சேர்ந்து நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒருவரிடம் சொல்லுங்கள். யாக்கோபு 5:16 கேட்பது அதைத்தான். ஊருக்கெல்லாம் வேண்டாம், வாயைக் காக்கத் தெரிந்த, உங்களுக்காக ஜெபிக்கிற, உங்கள் பாலைச் சேர்ந்த மூத்த விசுவாசி ஒருவர் போதும்.

கைத்தொலைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். எழுப்ப ஒரு சாதாரண மணிக்கூடு காணும்.

எப்போது விழுகிறீர்கள் என்று பாருங்கள். களைப்பிலா, பரீட்சைப் பயத்திலா, வீட்டில் சண்டை நடந்த இரவிலா? அந்த நேரத்துக்கு முன்கூட்டியே ஆயத்தமாகுங்கள்.

விழுந்தால் அன்றைக்கே ஜெபியுங்கள். “ஒரு கிழமை ஒழுங்காக இருந்துவிட்டு ஆண்டவரிடம் போகிறேன்” என்பது தாழ்மை போலத் தெரியும், அதுவும் ஒளிப்புத்தான்.

பிடி மிகவும் இறுகிவிட்டால் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போவது விசுவாசக் குறைவு அல்ல. உங்கள் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்க வேண்டாம், தனியாக இருக்க வேண்டாம். உடனே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். 19 வயதுக்குட்பட்டவர்கள் சைல்ட்லைனை 0800 1111 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் போனில் ஏதாவது கண்டால் முதலில் வாயில் வருவதைச் சொல்லிவிடாதீர்கள். “எங்கட மானத்தை வாங்கிப்போட்டாய்” என்ற ஒரு வசனம் போதும், அந்தப் பிள்ளை இனி உங்களிடம் ஒன்றும் சொல்லாது. மாமா, சித்தி என்று தொலைபேசியில் கதையைப் பரப்பவும் வேண்டாம். ஏதேனில் தேவன் ஆதாமைத் தேடி வந்து முதலில் கேட்டது, எங்கே இருக்கிறாய் என்றுதான். அதையே நீங்களும் கேளுங்கள். தகப்பன்மாரே, இதே போராட்டம் உங்களுக்கும் இருந்தால், அதை மறைத்துவைத்துக்கொண்டு மகனைத் திருத்த முடியாது.

அந்தத் தம்பி கேட்டபடியே சில வாரம் கிற்றார் வாசிக்கவில்லை. அதைத் தண்டனையாக யாரும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் சந்தித்து ஜெபித்தோம். சில வியாழன்களில் “திரும்பவும் விழுந்திட்டன் அண்ணா” என்று வந்தான். ஆனாலும் வந்தான். இரண்டாம் மாதம் திருவிருந்து வேளையில் எழுந்து முன்னுக்குப் போய் முழங்காலில் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. நானும் போய் அதில் முழங்காலிட்டேன்.

உங்கள் பக்கத்திலும் அப்படி ஓர் இடத்தை வைத்திருங்கள். கர்த்தருடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.