கண்ணைப் படம் எடுத்தால் மறதி நோய் தெரியுமா?



"கண்ணைப் படம் எடுத்தா மூளை வியாதி தெரியுமாமே, நெசமா?" என்று பழவேற்காடு பகுதிக் குழுக் கூட்டங்களில் கேட்கிறீர்கள். இதில் பாதி உண்மை. விவரமாகப் பார்ப்போம்.

கண்ணில் எப்படித் தெரியும்?

கண்ணின் உள்பக்கம் விழித்திரை என்ற மெல்லிய படலம் இருக்கிறது. கருவில் குழந்தை வளரும்போது மூளையின் ஒரு பகுதியாகத்தான் இது உருவாகிறது. உடம்பைக் கீறாமலே இங்கு ரத்தக் குழாய்களைப் பார்க்கலாம். சொட்டு மருந்து விட்டுப் படம் எடுப்பார்கள். வலிக்காது. சில மணி நேரம் பார்வை மங்கும், அதனால் துணைக்கு ஆளோடு போங்கள்.

மண் சேர்ந்தால் நம் ஏரியின் முகத்துவாரம் குறுகிவிடும் அல்லவா? அதுபோல மறதி நோய் உள்ள சிலருக்கு இந்தக் குழாய்கள் குறுகியிருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கைநடுக்க நோய் வெளியே தெரிவதற்குச் சுமார் 7 வருடம் முன்பே விழித்திரை மாறுவதாக லண்டன் ஆய்வு ஒன்று 2023-இல் சொன்னது.

ஆனால் இவை இன்னும் ஆராய்ச்சிதான். கண் படத்தை மட்டும் பார்த்து "உனக்கு மறதி நோய்" என்று எந்த டாக்டரும் முடிவு சொல்வதில்லை. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்றைக்கு என்ன பயன்?

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் விழித்திரையைக் கெடுப்பது இந்தப் படத்தில் நன்றாகத் தெரியும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களையும் சேர்த்து, சர்க்கரை பாதித்த கண்ணைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்கே பழக்கிய ஆய்வு 2016-இல் வெளிவந்தது.

இது மூளைக்கும் நல்லது. சர்க்கரை, கொதிப்பு, புகை, காது கேளாமை, சரிசெய்யாத பார்வைக் குறைவு உள்பட 14 காரணங்களைக் கவனித்தால் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் கூறியது.

நாம் செய்ய வேண்டியது:

1. சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் எங்கே போவது என்று சொல்வார்கள். சென்னை எழும்பூரில் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.

2. சர்க்கரை, கொதிப்பு மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள்.

3. பல வருடம் பாடு போன பெரியவர் எந்த நாள் யார் பாடு என்று குழம்பினாலோ, மீன் விற்ற காசை எண்ணத் தெரியாமல் தவித்தாலோ, தெரிந்த தெருவில் வழி தவறினாலோ "வயசாயிட்டா அப்படித்தான்" என்று விடாதீர்கள். திட்டவும் வேண்டாம். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சத்துக் குறைவு, தைராய்டு போன்றவற்றால் வரும் மறதியை மருந்தால் சரிசெய்ய முடியும்.

அடுத்த குழுக் கூட்டத்தில், வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள் யார், அவர்கள் கண்ணைக் கடைசியாக எப்போது காட்டினார்கள் என்று எழுதி வையுங்கள். காட்டாதவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து போனால் துணையும் ஆச்சு, ஆட்டோ செலவும் குறையும்.