நிரல் வரிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

கிள்ளானோ கோலாலம்பூரோ, கோடிங் படிக்கிற மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். கறுப்புத் திரையில் பச்சையும் ஆரஞ்சுமாக நிரல் வரிகள். பார்க்க அழகுதான், ஆனால் அது வெறும் படம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. 1951-இல் தொடங்கிய அமைப்பு அது. பார்வையற்ற மாணவர் ஒருவர் கணினியில் என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருளை வைத்திருப்பார். எழுத்தாக இருந்தால் அது சத்தமாக வாசித்துக் காட்டும். நம்ம ஸ்கிரீன்ஷாட்டுக்கு வந்தால்? பெரும்பாலும் "படம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும்.

அப்படியே இணையப் பக்கத்தில் ஒட்டினால் என்ன?

அங்கேதான் சிக்கல். சி பிளஸ் பிளஸ் நிரலின் முதல் வரியில் கோண அடைப்புக்குறிக்குள் 'ஐஓஸ்ட்ரீம்' என்று எழுதுவோம் இல்லையா? பிரௌசர் அதை எச்டிஎம்எல் கட்டளை என்று நினைத்து விழுங்கிவிடும். பைத்தானில் இன்னும் மோசம். வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி காணாமல் போகும். அது இல்லாமல் நிரலே ஓடாது.

விம் என்ன செய்யும்?

பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட விம் எடிட்டரில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. முக்காற்புள்ளியைத் தட்டி, 'டூஎச்டிஎம்எல்' என்று ஆங்கிலத்தில் எழுதி என்டர் அழுத்துங்கள். டி, ஓ இரண்டும் பெரிய எழுத்து, மீதி சிறிய எழுத்து. பக்கத்திலேயே புது ஜன்னல் திறக்கும். வண்ணம், இடைவெளி எல்லாம் அப்படியே இருக்க, கோண அடைப்புக்குறிகள் பிரௌசர் விழுங்க முடியாத குறியீடுகளாக மாறியிருக்கும். சேமித்து அனுப்பினால் போனிலும் திறக்கும்.

தினமும் செய்கிறவர்கள் இதை விம்மின் அமைப்புக் கோப்பில் ஒரே விசைக்கு ஒதுக்கிவிடலாம். நாற்பது கோப்பு இருந்தாலும் கவலையில்லை: டெர்மினலில் இதே கட்டளையைக் கொடுத்து விம்மை ஒரு சுழற்சிக்குள் ஓடவிட்டால், நீங்கள் தே தாரிக் குடித்துவிட்டு வரலாம்.

விம் பழக்கமில்லையா? விஎஸ் கோடில் காப்பி செய்து வேர்டில் ஒட்டினாலே வண்ணத்தோடு வரும். அதுவும் எழுத்துதான், படமில்லை.

ஒன்று கவனிக்கணும். விம் உங்கள் திரையில் இருக்கும் வண்ணங்களையே எடுத்துக்கொள்ளும். பிரிண்ட் எடுக்கப் போறீங்கன்னா முதலில் வெளிர் நிறத்துக்கு மாற்றுங்கள். கறுப்புப் பின்னணி அச்சு மையைக் குடித்துத் தீர்த்துவிடும்.

வண்ணத்தைத் திரைவாசிப்பான் பொதுவாகச் சொல்லாது. அதனால் குரூப்பில் "சிவப்புல இருக்கே, அந்த வரி" என்று எழுதாமல் "12-ஆவது வரி" என்று எழுதுங்கள். வரி எண்ணோடு மாற்றும் வசதியும் விம்மில் இருக்கிறது.