எழுபது வளைவுகளும் எட்டு லிட்டர் வெந்நீரும்

மலைப்பாதையில் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? ஏறும்போது எஞ்சின் முக்கி முனகும். அது புரிகிறது. ஆனால் இறங்கும்போதும் ஓட்டுநர் வண்டியைத் தாழ்ந்த கியரில் போட்டு, எஞ்சினை உறும விட்டுக்கொண்டே வருகிறாரே, அது ஏன்? தானாக உருண்டு இறங்கக்கூடிய வண்டிக்கு எஞ்சின் எதற்கு?

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு சனி, ஞாயிறு விடுமுறையில், கொல்லிமலையின் முப்பத்தெட்டாவது வளைவில்தான் அது எனக்கு உண்மையிலேயே விளங்கியது.

ஏற்றம்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே ஏறலாம்.

பத்து ஆண்டுகளாக என்னிடமுள்ள பழைய மோட்டார் சைக்கிளில், ஒரு சிறு கூடாரம், போர்வை, அடுப்பு, பாத்திரம் ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு தனியாகவே புறப்பட்டேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் வளைவில் இருந்தேன்.

கொண்டை ஊசி வளைவு என்பது ஏறக்குறைய ஓர் அரைவட்டம். வட்டப் பாதையில் செல்லும் எந்தப் பொருளையும் மையத்தை நோக்கி ஏதேனும் ஒரு விசை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதனை மையநோக்கு விசை என்கிறோம். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லுக்கு அந்த விசையைக் கயிறு தருகிறது. மோட்டார் சைக்கிளுக்கு யார் தருவது? சாலைக்கும் டயருக்கும் இடையிலுள்ள உராய்வுதான். உள்ளங்கை அகலமே உள்ள இரண்டு ரப்பர்த் திட்டுகள் சாலையைப் பற்றியிருப்பதால்தான் வண்டி திரும்புகிறது.

வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால், தேவைப்படும் உராய்வு விசை வண்டியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஓட்டுபவர் வண்டியோடு சுமார் 17 டிகிரி உட்பக்கம் சாய வேண்டும். இது எளிது. அதே வளைவில் 40 கி.மீ. வேகத்தில் சென்றால்? வேகம் இரு மடங்கானதால் விசையும் இரு மடங்காகும் என்று எண்ணிவிடாதீர்கள். மையநோக்கு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே நான்கு மடங்காகும். தேவைப்படும் உராய்வு வண்டியின் எடையைவிடவே அதிகமாகிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயருக்குக் கிடைக்கும் உராய்வோ, எடையில் பத்தில் எட்டு பங்கு அளவுதான். மழை பெய்திருந்தால் அதுவும் குறைந்துவிடும். வண்டி வழுக்கி வெளிப்பக்கம் போகும். வெளிப்பக்கத்தில் இருப்பது பள்ளத்தாக்கு!

ஆகவே ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியரில், சில இடங்களில் முதல் கியரில், நிதானமாக ஏறினேன். 70 என்ற பலகையைக் கண்டபோது காற்றில் குளுமை தெரிந்தது. 1000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்தில் நனைந்திருந்த சட்டை இங்கே காய்ந்து, சில்லென்று இருந்தது.

மலைமேல் ஓர் இரவு

காட்டுக்குள் நம் விருப்பம்போல் கூடாரம் அடிக்கக் கூடாது. மிளகும் காப்பியும் பயிரிட்டிருந்த ஒரு பெரியவரிடம் அனுமதி கேட்டு, அவருடைய வீட்டை ஒட்டிய களத்தின் ஓரத்தில் இடம் பிடித்தேன்.

மாலையில் தேநீருக்காக அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் வைத்தேன். கையோடு கொண்டுபோயிருந்த வெப்பநிலைமானியை அதில் விட்டேன். (இயற்பியல் ஆசிரியர் பையில் இதெல்லாம் இருக்கும்!) தொடக்கத்தில் 22 டிகிரி. தளதளவென்று கொதித்தபோது 96 டிகிரி. 100 இல்லை. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது, கொதிநிலையும் குறைகிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்பது கணக்கு. இந்த ஒரு லிட்டர் தண்ணீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தேநீரைப் பகிர்ந்துகொண்ட பெரியவர், மறுநாள் நான் இறங்கப் போவதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எறங்கறப்போ வண்டியை அணைச்சு உட்டுறாதீங்க சார். ஏறுன கியருலேயே எறங்குங்க.”

நான் தலையசைத்தேன். ஆனால் மனத்துக்குள், “கீழே இறங்குவதற்கு எதற்குப் பெட்ரோலை வீணாக்க வேண்டும்?” என்று ஓர் எண்ணம். பெட்ரோல் அளவும் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

முப்பத்தெட்டாவது வளைவு

ஞாயிறு காலை, இறக்கம் தொடங்கியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் வண்டியை விட்டேன். எஞ்சின் ஓசை இல்லை. பறவைகளின் குரல் கேட்டது. வேகம் கூடும்போதெல்லாம் பிரேக்கை அழுத்தினேன். சுகமாகத்தான் இருந்தது. பலகை எண்கள் 70, 60, 50 என்று குறைந்துகொண்டே வந்தன.

நாற்பதை நெருங்கியபோது ரப்பர் கருகுவது போன்ற வாடை வந்தது. யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். முப்பத்தெட்டாம் வளைவுக்கு முன் பின் பிரேக்கை மிதித்தேன். மிதி அடிவரை போயிற்று, வேகம் குறையவில்லை. முன் பிரேக்கை முழு பலத்துடன் பிடித்தேன்; சிறிதளவே குறைந்தது. கீழிருந்து ஒரு பேருந்தின் ஒலிப்பான் கேட்டது. வேறு வழியின்றி, மலைப்பக்கத்து மண் ஓரத்தில் வண்டியை ஏற்றினேன். சக்கரம் மண்ணில் புதைந்தது. வண்டி சாய்ந்தது, நானும் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அதே நொடியில் பேருந்து அந்த வளைவைச் சுற்றி மேலேறிச் சென்றது. மண் ஓரம் பள்ளத்தாக்குப் பக்கமாக இருந்திருந்தால், இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

எழுந்து, பின் சக்கரத்தின் பிரேக் டிரம்மீது இரண்டு துளி தண்ணீர் தெளித்தேன். ‘சுர்’ரென்று ஆவியாகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து, ஒரு தாளில் கணக்குப் போட்டேன். இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டும் அதே கணக்கு!

மலை திருப்பித் தரும் ஆற்றல்

வண்டி 150 கிலோ, நான் 75 கிலோ, மூட்டை 25 கிலோ. மொத்தம் 250 கிலோ. ஏறிய உயரம் சுமார் 1000 மீட்டர். நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் நிலையாற்றல் கிடைக்கும்.

250 × 9.8 × 1000 = 24,50,000 ஜூல்.

முதல் நாள் பெட்ரோலை எரித்து, இவ்வளவு ஆற்றலை நான் மலையிடம் ஒப்படைத்திருந்தேன். ஆற்றல் அழிவதில்லை. இறங்கும்போது மலை அதை ஒரு ஜூல் விடாமல் திருப்பித் தருகிறது, நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும். அது எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்?

அது வேகமாக மாறினால் என்ன ஆகும்? 70 வளைவுகளுக்கு 1000 மீட்டர் என்றால், ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரி 14 மீட்டர் இறக்கம். ஒரு வளைவிலிருந்து 20 கி.மீ. வேகத்தில் புறப்பட்டு, பிரேக்கே போடாமல் உருண்டால், காற்றுத் தடை முதலியவற்றைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அடுத்த வளைவை 60 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் அடைவோம். 40 கி.மீ. வேகத்திலேயே திரும்ப முடியாத வளைவு என்று மேலே பார்த்தோம்.

ஆகவே அந்த ஆற்றலை வெப்பமாக்கித்தான் தீர வேண்டும். எவ்வளவு வெப்பம்? நேற்று மாலை தேநீருக்கு வைத்த தண்ணீரை நினைவுகூருங்கள். ஒரு லிட்டரை 22 டிகிரியிலிருந்து 96 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 3,11,000 ஜூல் தேவை. 24,50,000 ஜூலைக் கொண்டு அப்படி எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம்! இந்த வெப்பம் முழுவதும் 4 கிலோ இரும்பில் தங்குமானால், அதன் வெப்பநிலை 1300 டிகிரிக்கு மேல் உயரும். நல்லவேளையாக, காற்று வீசி ஓரளவு வெப்பத்தைக் கொண்டுசென்றுவிடுகிறது. ஆனால் நெருக்கமான வளைவுகளில் பிரேக்குக்கு ஆற நேரமில்லை.

பிரேக் சூடானால் என்ன? டிரம் விரிவடைந்து பிரேக் கட்டையிலிருந்து விலகுகிறது. அதனால்தான் மிதி அடிவரை போயிற்று. கட்டையின்மேலுள்ள லைனிங்கில் பிசின் போன்ற பொருள்கள் கலந்திருக்கும். மிகுந்த சூட்டில் அவை சிதைந்து வாயுவை வெளியிடுகின்றன, உராய்வு குறைந்துவிடுகிறது. நான் முகர்ந்த வாடை அதுதான். எண்ணெயால் இயங்கும் டிஸ்க் பிரேக்கிலும் ஆபத்து உண்டு. எண்ணெய் கொதித்துக் குமிழிகள் தோன்றினால், நாம் தரும் அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும்.

எஞ்சினே ஒரு பிரேக்

இப்போது பேருந்து ஓட்டுநரிடம் வருவோம். வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை மூடிவிட்டால், எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. மோட்டார் சைக்கிளின் எஞ்சினில், காற்று வரும் வழி ஏறக்குறைய மூடியிருப்பதால், பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அரை வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. வாயில் விரலை வைத்து அடைத்துக்கொண்ட, ஊசியில்லாத சிரிஞ்சின் தண்டை வெளியே இழுத்துப் பாருங்கள், புரியும். (லாரி, பேருந்துகளின் டீசல் எஞ்சினில் காற்றுவழி இப்படி மூடுவதில்லை, அவற்றில் பலவற்றில் புகைபோக்கியை அடைத்து எஞ்சினைத் திணறச் செய்யும் தனி அமைப்பு உண்டு.) இவற்றோடு பிஸ்டன், பல்சக்கரங்கள் ஆகியவற்றின் உராய்வும் சேர்ந்து, மலை தரும் ஆற்றலை விழுங்கிவிடுகின்றன. தாழ்ந்த கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது எஞ்சின் பல சுற்றுகள் சுற்றுவதால், தடையும் அதிகம்.

இந்த வெப்பம் எஞ்சினைக் கெடுக்காதா? கெடுக்காது. வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே அதில் விசிறித் தகடுகள் இருக்கின்றன. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் பெருவெப்பத்தையே தாங்கும் எஞ்சினுக்கு இது ஒரு சுமையே அல்ல.

இன்னொரு நன்மையும் உண்டு. டயருக்குக் கிடைக்கும் உராய்வு ஒரு வரம்புக்கு உட்பட்டது. திரும்புவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிரேக் பிடிப்பதற்கும் அதிலிருந்துதான். வளைவின் நடுவில் பிரேக்கை அழுத்தினால், திரும்புவதற்கு மிஞ்சுவது குறைந்துவிடும். தாழ்ந்த கியரில் வண்டி ஒரே சீரான வேகத்தில் இறங்குவதால், வளைவுக்குள் பிரேக்கைத் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

சரி, எஞ்சினை நிறுத்தியதால் நான் எவ்வளவு பெட்ரோல் மிச்சப்படுத்தியிருப்பேன்? மிஞ்சிப்போனால் ஒரு டம்ளர். இன்றைய புதிய வண்டிகள் பலவற்றில் அதுவும் இல்லை. அவற்றில் கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடினால், பெட்ரோல் தெளிக்கும் கருவி பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சினை ஓட விட்டால்தான் பெட்ரோல் செலவாகும்! ஒரு டம்ளர் பெட்ரோலுக்கு நான் உயிரைப் பணயம் வைத்திருந்தேன்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். சூடான டிரம்மீது குளிர்ந்த நீரைக் கொட்டினால் அது விரிசல் விடலாம். ஆகவே காற்றிலேயே ஆற விட்டேன். பிறகு எஞ்சினை இயக்கி, ஏறிய அதே இரண்டாவது கியரில் இறங்கினேன். மீதி 37 வளைவுகளிலும் பிரேக்கை எப்போதாவது மெல்லத் தொட்டதோடு சரி. அடிவாரத்தில் இறங்கி டிரம்மீது மறுபடியும் நீர் தெளித்தேன். துளிகள் அப்படியே வழிந்தோடின.

நண்பர்களே, வண்டி ஓட்ட உங்களில் பலருக்கு இன்னும் வயது வரவில்லை. ஆனால் உங்கள் அண்ணனோ அப்பாவோ மலையிலிருந்தோ, நீண்ட பாலத்திலிருந்தோ இறங்கும்போது “பெட்ரோல் மிச்சம்” என்று எஞ்சினை நிறுத்தக்கூடும். அப்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் நீங்கள் இந்த எட்டு லிட்டர் வெந்நீர்க் கணக்கை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஆற்றல் அழிவின்மை விதி தேர்வுக்கு மட்டும் உரியதன்று. அந்த விதியின் பெயரைக் கேள்விப்பட்டிராத ஒரு பெரியவர் அதைப் புரிந்துவைத்திருந்தார். இருபது ஆண்டுகள் அதைக் கற்பித்த நான் அன்று மறந்திருந்தேன்.

செய்து பாருங்கள்

1. ஒரு நாணயத்தை விரலால் அழுத்தி, சிமெண்டுத் தரையில் ஐம்பது முறை வேகமாகத் தேயுங்கள். உடனே புறங்கையில் வைத்துப் பாருங்கள். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

2. உங்கள் எடை 40 கிலோ, பள்ளியின் மாடி 4 மீட்டர் உயரம் என்றால், மாடி ஏறியதும் உங்களிடம் கூடியிருக்கும் நிலையாற்றல் எவ்வளவு? இறங்கி வந்தபின் அது என்னவாயிற்று?