தண்ணீர், மின்சாரம், அடுத்து இணையம்



தோட்டத்து லயன் வீட்டில் குழாய்த் தண்ணீரும் விளக்கும் இருப்பது கம்பெனியின் தயவு என்று எண்ணுவோர் இன்னும் உண்டு. அது தயவன்று. தோட்டத்தில் குடியிருப்புக் கொடுக்கும் முதலாளி தண்ணீரும் போதிய மின்சாரமும் தந்தே ஆகவேண்டும் என்கிறது 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம். இத்தகைய வசதிகளையே பொதுப் பயனீடு என்கிறோம். லாபம் இல்லாத மூலையென்று ஒரு வீட்டை ஒதுக்கிவிட முடியாது. கட்டணத்தையும் இஷ்டம்போல் ஏற்ற முடியாது.

இணையம் இந்த வரிசையில் சேருமா? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கைப்பேசிக்குள் போனது. வீட்டில் ஒரே கைப்பேசி. அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். பிள்ளைகள் மூவர் என்றால் யார் படிப்பது? அதே ஆண்டு ஜூன் மாதம் சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி, அலைவரிசை தேடி மரத்தில் ஏறித் தேர்வு எழுதினார். அதே ஜூன் மாதம் 446-ஆம் சட்டத்தின் திருத்தமும் நடப்புக்கு வந்தது. தொழிலாளர் விடுதிக்குக் கட்டில், மெத்தை, மின்விசிறி வரை விதிகளில் எழுதினார்கள். இணையத்தை எழுதவில்லை.

பணம் இல்லை என்று சொல்வதற்கில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் கணக்கிட்ட பகுதியின் 6 விழுக்காட்டை, வசதி குறைந்த இடங்களுக்கான நிதியில் செலுத்துகின்றன. கிராமப்புற இணைய மையங்களும் கோபுரங்களும் அதிலிருந்து வருபவையே. ஆனால் மையம் என்பது தெருக்குழாய் மாதிரி. இரவு எட்டு மணிக்கு வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளைக்கு அது உதவாது.

என் கணிப்பில் முடிச்சு நிலத்தில்தான் இருக்கிறது. திகாம் பத்து, பீடோங் பக்கம் பாருங்கள். பெரிய சாலையோரம் கம்பி போகிறது, செம்பனைக்குள் திரும்பும் பாதையோ தோட்டத்தின் சொத்து. அங்கே கம்பம் நட சம்மதம் கேட்டு நிற்கவேண்டும். பொதுப் பயனீடு என்று சட்டமே சொன்னால் அந்தக் காத்திருப்பு குறையும்.

பின்லாந்து 2010 ஜூலையில் நொடிக்கு 1 மெகாபிட் இணைப்பை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. அந்த வேகம் இன்று ஒரு பிள்ளையின் பாடத்துக்கே போதாது. ஆகவே வேகத்தை அவ்வப்போது உயர்த்தவும் சட்டத்தில் வழி வேண்டும்.

தோட்டத்தார் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கு எழுதும்போது லயன் வீடுகளின் எண்ணிக்கை, பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை, நிலம் யாருடையது என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள். நிர்வாகிக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.