அணுவாயுதப் பேச்சுவார்த்தைகளின் ஆரம்ப முன்னேற்றத்தை மதிப்பிடல்: சில குறிப்புகள்

பகைமை பூண்ட இரு அரசுகள் அணுவாயுதம் குறித்துப் பேச முற்படும்பொழுது, அப்பேச்சுவார்த்தையின் முதற் பெறுபேறுகளை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா எழுகின்றது. பத்திரிகைகள் பெரும்பாலும் தலைவர்களின் கைகுலுக்கலையும் கூட்டறிக்கையின் சொற்களையும் கொண்டே தீர்ப்பு வழங்குகின்றன. உருவத்தைக் கொண்டு உள்ளடக்கத்தை அளவிடும் இவ்வழு இலக்கிய விமர்சனத்துக்கு மட்டும் உரியதன்று.

இரண்டு சந்திப்புகளை ஒப்புநோக்குவோம். 1986 ஒக்ரோபரில் றேகனும் கொர்பச்சேவும் ஐஸ்லாந்தின் றெய்க்யாவிக் நகரிற் சந்தித்தனர். விண்வெளிப் பாதுகாப்புத் திட்டம் தொடர்பான முரண்பாட்டினால் எவ்வித உடன்பாடுமின்றி அவர்கள் பிரிந்தனர்; அது பெருந்தோல்வி என்றே அன்று எழுதப்பட்டது. எனினும், ஐரோப்பாவில் இடைத்தூர ஏவுகணைகளை அகற்றல், நேரடித் தலப் பரிசோதனையை ஏற்றல் ஆகிய விடயங்களில் இரு தரப்பினரும் அங்கு நெருங்கி வந்திருந்தனர். அதன் விளைவாக 1987 டிசெம்பரில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1991 நடுப்பகுதிக்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. மறுபுறம், 2018 ஜூன் 12 அன்று சிங்கப்பூரில் ட்ரம்பும் கிம் ஜொங் உன்னும் நான்கு அம்சக் கூட்டறிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டபோது அது வரலாற்றுத் திருப்பம் எனப் போற்றப்பட்டது. ஆயின் அவ்வறிக்கையிற் கால அட்டவணையோ கண்காணிப்பு முறையோ இடம்பெறவில்லை. 2019 பெப்ரவரியில் ஹனோயில் நிகழ்ந்த அடுத்த சந்திப்பு உடன்பாடின்றி முடிந்தது.

எனவே, ஆரம்ப முன்னேற்றம் எனப்படுவதை மூன்று வினாக்களினூடாக நோக்குதல் பொருந்தும். எண்ணக்கூடியதும் பிறர் கண்டு உறுதிசெய்யக்கூடியதுமான செயல் யாது? அதனைத் தலைகீழாக்குவது எவ்வளவு எளிது? ஒவ்வொரு நாட்டினுள்ளும் அதனைத் தாங்கி நிற்கும் சமூக சக்திகள் எவை?

இம்மூன்றாவது வினாவே பெரிதும் புறக்கணிக்கப்படுவது. இதனை விளக்குவதற்கு 1994 ஒக்ரோபர் 21 அன்று ஜெனீவாவில் ஐக்கிய அமெரிக்காவும் வடகொரியாவும் செய்துகொண்ட உடன்பாடு தக்க சான்றாகும். அதன்படி யோங்பியோனிலுள்ள 5 மெகாவற் உலையை நிறுத்தவும், கட்டப்பட்டுக்கொண்டிருந்த இரு பெரிய உலைகளின் வேலையைக் கைவிடவும் வடகொரியா இணங்கியது. பதிலாக, மொத்தம் ஏறத்தாழ 2,000 மெகாவற் ஆற்றலுள்ள இரு மென்னீர் உலைகளும், அவை இயங்கும்வரை ஆண்டுதோறும் 5 இலட்சம் தொன் எரியெண்ணெயும் வழங்கப்படும் என உறுதியளிக்கப்பட்டது.

முதலாவது வினாவுக்கு இவ்வுடன்பாடு நல்ல விடை தந்தது. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் கண்காணிப்பின்கீழ் யோங்பியோன் உலை எட்டாண்டுகள் இயங்காதிருந்தது. இரண்டாவதில் அது வலுவற்றிருந்தது. ஏறத்தாழ 8,000 எரிபொருட் கோல்கள் கலங்களில் அடைக்கப்பட்டனவேயன்றி நாட்டிலிருந்து அகற்றப்படவில்லை. மூன்றாவதிலோ அது தொடக்கத்திலேயே ஆட்டங்கண்டது. கைச்சாத்திட்டு மூன்று வாரங்களுக்குள் நடைபெற்ற தேர்தலில் அமெரிக்கக் காங்கிரசின் பெரும்பான்மை எதிர்த்தரப்பின் வசமாயிற்று. செனற் சபையின் அங்கீகாரம் பெற்ற 1987 உடன்படிக்கையைப் போலன்றி, இது நிருவாகத்தின் உடன்பாடாகவே இருந்தது. எண்ணெய்க்கான நிதி ஆண்டுதோறும் இழுபறிக்குள்ளாகியது. 2003இல் முடிவுறுவதாக இலக்கு வைக்கப்பட்ட உலைகளுக்கு 2002 ஓகஸ்டிலேயே முதற் கொங்கிறீற் இடப்பட்டது. வடகொரிய ஆட்சிப்பிரிவினரும் அணுவாயுதத்தைத் தமது நிலைபேற்றுக்கான காப்புறுதியாகவே கருதினர். யூரேனியச் செறிவூட்டலில் வடகொரியா இரகசியமாக ஈடுபடுகின்றது என அமெரிக்கா 2002இற் குற்றஞ்சாட்டியது. 2010இல் அந்நாடே தன் செறிவூட்டல் நிலையமொன்றை அமெரிக்க அறிஞர்களுக்குக் காட்டியது. ஏகாதிபத்திய எதிர்ப்பின் பெயரால் இதனை மூடிமறைத்தல் முற்போக்காளர்க்கு அழகன்று.

2002 நவம்பரில் எண்ணெய் வழங்கலை நிறுத்தத் தீர்மானிக்கப்பட்டது. டிசெம்பரில் கண்காணிப்பாளர் வெளியேற்றப்பட்டனர். 2006 ஒக்ரோபர் 9 அன்று வடகொரியா முதலாவது அணுப் பரிசோதனையை நடத்தியது.

இம்முடிவைக் கொண்டு, அடிப்படை முரண்பாடு தீராதவரை இத்தகைய உடன்பாடுகள் யாவும் வெறும் ஏமாற்று என முடிவுகட்டுவோர் நம்மிடையேயும் உளர். நாம் இதனுடன் உடன்படுவதற்கில்லை. முதலாளித்துவப் பத்திரிகை கைகுலுக்கலில் மயங்குகின்றதெனில், இவ்வாதம் அறுதித் தீர்வொன்றைக் காட்டி இடைக்காலப் பயனை மறுக்கின்றது. நடைமுறையை ஆராயாது தீர்ப்பளிப்பதில் இரண்டும் ஒன்றே. எட்டாண்டுகள் அவ்வுலையிற் புதிதாகப் புளூட்டோனியம் உருவாகவில்லை என்பது பொருண்மையான உண்மை. உடன்பாடு சிதைந்த பின்னர், அடைத்துவைக்கப்பட்ட அக்கோல்களையே மீள்பதப்படுத்தியதாக வடகொரியா 2003இல் அறிவித்தது. காக்கப்படாத சிறு முன்னேற்றத்தின் விலை இதுவே.

எவ்வுடன்பாடும் நிரந்தரமானதன்று. 1987 உடன்படிக்கையும், ரஷ்யா அதனை மீறியதெனக் கூறி அமெரிக்கா விலகியதைத் தொடர்ந்து, 2019 ஓகஸ்டில் முடிவுக்கு வந்தது. ஆயினும் அழிக்கப்பட்ட ஏவுகணைகள் மீண்டெழவில்லை. ஆதலின், அடுத்தொரு பேச்சுவார்த்தை தொடங்கும்போது, தலைவர்கள் என்ன கூறினர் என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. எது நிறுத்தப்பட்டது, யார் அதனைப் பார்வையிட்டனர், வாக்களிக்கப்பட்ட எண்ணெய் உரிய காலத்திற் சென்றதா, அதனைத் தடுப்பதால் நன்மையடைவோர் யாவர் என வினவுதல் வேண்டும். முன்னேற்றம் மெய்யானதெனக் காணுமிடத்து, அது சிறிதேயாயினும் அதனைப் பாதுகாக்கக் குரல் கொடுப்பது சமாதான இயக்கத்தின் கடமையாகும்.