நவக்கிரக சன்னிதியில் பூமி எங்கே?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு. 'நவக்கிரக சன்னிதியில சூரியன்தான் நடுவுல இருக்கார். அதனால சூரியனைத்தான் கிரகங்கள் சுத்துதுன்னு நம்ம முன்னோர்களுக்கு கோப்பர்நிக்கஸுக்கு முன்னாடியே தெரியும்'னு அதுல இருக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு. சரியான்னு பார்க்க லேப் எதுவும் வேண்டாம், பக்கத்து சிவன் கோவில் போதும்.

எங்க புதுக்கோட்டை மாவட்டத்துல பெரும்பாலான சிவன் கோவில்கள்ல ஈசான்ய மூலையில நவக்கிரகம் இருக்கும். சூரியன் நடுவுல நிக்கிறது உண்மைதான். ஆனா சுத்தி நிக்கிறது யாருன்னு எண்ணுங்க: சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, ராகு, கேது. சூரியனைச் சுத்துற கிரகங்களோட படம்னா இதுல பூமி இருக்கணும், சந்திரன் தனி கிரகமா இருக்கக்கூடாது. இங்க ரெண்டுமே நேர்மாறா இருக்கு.

பூமி ஏன் இல்ல? ஏன்னா அது நாம நின்னு பார்க்கிற இடம். நட்சத்திரங்களுக்கு நடுவுல நாளுக்கு நாள் இடம் மாறுறதுக்குத்தான் கிரகம்னு பேரு. அந்தக் கணக்குல சூரியனும் சந்திரனும்கூட கிரகம்தான். ராகுவும் கேதுவும் வானத்துல சூரியனோட பாதையும் சந்திரனோட பாதையும் வெட்டிக்கிற ரெண்டு புள்ளிகள். கிரகணம் அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்துலதான் நடக்கும். ஆக, சூரியனுக்கு நடு இடம் கொடுத்தது மரியாதை. கணக்கு முழுக்க பூமியில இருந்து பார்த்தது.

இதை முட்டாள்தனம்னு நினைக்காதீங்க. பூமி நகர்ந்தா, பக்கத்து நட்சத்திரங்கள் ஆறு மாசத்துல கொஞ்சமாவது இடம் மாறித் தெரியணும். அந்த நுண்ணிய மாற்றத்தை பெஸ்ஸல் அளந்து வெளியிட்டதே 1838லதான். கி.பி. 499ல ஆரியபட்டர், பூமி தன்னைத்தானே சுத்துறதாலதான் வானம் சுத்துற மாதிரி தெரியுதுன்னு எழுதினார். ஆனா அவரும் கிரகங்களுக்கு நடுவுல வச்சது பூமியைத்தான்.

இந்த மாடல் இன்னும் உங்க போன்ல ஓடிட்டு இருக்கு: வாரத்தோட கிழமைகள். மெதுவா நகர்றது தூரத்துல இருக்கும்னு வச்சு அடுக்கினாங்க: சனி (சுமார் 29 வருஷம்), வியாழன் (12 வருஷம்), செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன் (27 நாள்). நாளோட 24 ஓரைகளையும் இதே வரிசையில கொடுத்துட்டு வாங்க. முதல் ஓரைக்கு யாரோ, அந்த நாள் அவர் பேர்ல. 24ஐ 7ஆல வகுத்தா மீதி 3. அதனால ஒவ்வொரு நாளும் மூணு இடம் தள்ளிப் போகும். சூரியன்ல இருந்து மூணு தள்ளினா சந்திரன், அதாவது திங்கள். அங்கிருந்து மூணு தள்ளினா செவ்வாய். மிச்சத்தை நீங்களே போட்டுப் பாருங்க, சனி வரைக்கும் அச்சு பிசகாம வரும்.

சரி, மாடல் தப்பு. கணக்கு? 1825ல ஜான் வாரன்கிற அதிகாரி வெளியிட்ட 'கால சங்கலித' நூல்ல ஒரு பதிவு இருக்கு. பாண்டிச்சேரியில ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில சோழிகளை வச்சு, மனப்பாடமா வச்சிருந்த எண்களைக் கொண்டு அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணிச்சார். கிரகணத்தோட நடுநேரத்துல பிழை அரை மணி நேரத்துக்கும் குறைவு!

இது வாக்கிய முறை. எழுத்துகளை எண்ணாக்கி, அந்த எண்களை வாக்கியங்களா மனசுல ஏத்தி வச்ச லுக்கப் டேபிள்னு சொல்லலாம். வாக்கியப் பஞ்சாங்கம் இன்னைக்கும் இருக்கு. பல வீடுகள்ல சண்டை ஆரம்பிக்கிறதும் இங்கதான். திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. திருநள்ளாறு கோவில் பின்பற்றுற வாக்கியப்படி 2026 மார்ச் 6. கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம்! திருக்கணிதக் கணக்குல அன்னைக்கு சனி மீனத்துக்குள்ள ஏறக்குறைய 8 டிகிரி போயாச்சு. முழு நிலா பதினாறை வரிசையா வச்ச அகலம் அது.

இதுக்கு பூமியை நடுவுல வச்சதா காரணம்? இல்ல. திருக்கணிதமும் பூமியில இருந்து தெரியிற இடத்தைத்தான் சொல்லுது. பழைய டேபிள்ல கிரகங்களோட சராசரி வேகத்துல துளி பிழை. தினம் ஒரு நொடி பின்தங்குற கடிகாரத்தைத் திருத்தாம பல நூறு வருஷம் ஓட விட்டா என்ன ஆகும்? 19ஆம் நூற்றாண்டுல மெட்ராஸ் வான் ஆய்வகத்துல வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி இதைத்தான் திருத்தப் பார்த்தார். வானத்துல தெரியிறதோட ஒத்துப்போற திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார்.

எங்க வேலையில சொல்ற மாதிரி சொன்னா, அவுட்புட் சரியா வருதுங்கிறதால உள்ளே இருக்கிற மாடல் சரின்னு ஆகிடாது. மாடலை மாத்திட்டாலும் அவுட்புட்டைச் சோதிக்கிறதை விட்டுடக்கூடாது. அடுத்த தடவை வீட்டுல 'பெயர்ச்சி எப்போ?'ன்னு வாக்குவாதம் வந்தா, அம்மா அப்பாவை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போங்க. சனி வெறும் கண்ணுக்கே தெரியும். அது எந்த நட்சத்திரங்களுக்குப் பக்கத்துல இருக்குன்னு சேர்ந்து பாருங்க. பஞ்சாங்கம் ரெண்டு இருக்கலாம், வானம் ஒண்ணுதான்.