பட்டயம் போதுமா? சாவி எங்கே?

நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், கிழக்கு 127-ஆம் தெருவில், 20-ஆம் எண் வீடு. கறுப்பின மக்களின் கண்ணீரையும் களிப்பையும் கவிதையாக்கிய லாங்ஸ்டன் ஹியூஸ், 1967-இல் கண்மூடும்வரை ஏறத்தாழ இருபதாண்டு வாழ்ந்த இல்லம். 1981-இல் அதை நினைவுச்சின்னம் என்றது நகர நிர்வாகம். ஆனால் பின்னாளில் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தது!

2016-இல் எழுத்தாளர் ரெனே வாட்சன் மக்களிடம் கையேந்தினார். லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. குத்தகைக்கு எடுத்த வீடு கலைக்கூடமாயிற்று. இளைஞர் எழுதப் பழகினர், கவியரங்கம் களைகட்டியது. 2019 இறுதியில் குத்தகை நீடிக்கவில்லை, கலைக்கூடம் வெளியேறிற்று.

காரணம் என்ன? கவிதை மக்களுடையது, கட்டிடம் தனியாருடையது! பட்டயம் சுவரைக் காக்கும், பாட்டைக் காக்குமா? கவிஞன் இல்லத்தைப் போற்றுவோர் கல்வெட்டோடு நில்லாமல், சாவியையும் மக்கள் கையில் தரட்டும்!